டிஸ்குக்கு வாரன்டி உண்டு, பதிவுக்கு இல்லை

கணினியின் உறுப்புகளில், பழுதான பின் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதது ஹார்டு டிஸ்க் ஒன்றுதான். கீபோர்டு போனால் வேறு கீபோர்டு, மானிட்டர் போனால் வேறு மானிட்டர். ஹார்டு டிஸ்க் போனால் அதோடு போவது கள்ளக்குறிச்சி போட்டோ ஸ்டூடியோ ஒன்றின் ஐந்து வருடக் கல்யாணப் படங்களாக இருக்கலாம். சின்னசேலத்து மண்டியின் வரவுசெலவுக் கணக்காகவோ, வெள்ளிமலை மாணவி ஒருத்தி முடித்துவைத்த பிராஜெக்டாகவோ இருக்கலாம். வாரன்டி அட்டை பேசுவது பெட்டியைப் பற்றி. வாங்கியவர் தவிப்பது பெட்டிக்குள் இருந்ததைப் பற்றி. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் மூளும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

ஹார்டு டிஸ்க் ஓர் இயந்திரம். மூடிய பெட்டிக்குள் கண்ணாடி போல் மெருகேற்றிய தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியில் பொருத்தும் டிஸ்க் பலவற்றில் அந்தத் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. தட்டின்மேல் படாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை படிக்கவும் எழுதவும் செய்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் 24 அங்குல அகலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கிய அலமாரி அளவு இயந்திரம்; அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள்தான். உருவம் சுருங்கிக் கைக்குள் வந்துவிட்டது. ஆனாலும் சுழலும் தட்டு, ஆடும் முனை, தேயும் பேரிங் என்ற அடிப்படை மாறவில்லை. பஸ்ஸில் குலுங்கினாலும், மேசையிலிருந்து விழுந்தாலும், மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் அதற்கு ஆபத்துதான். எஸ்எஸ்டி என்னும் புதிய வகையில் சுழலும் பாகம் ஏதுமில்லை. ஆனால் அதன் சில்லுகளில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கு உண்டு. சுழலும் டிஸ்க் கெடுவதற்கு முன் பெரும்பாலும் ‘டக் டக்’ என்று முனகும், ஃபைல் திறக்கத் திணறும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

பழுதல்லாத ஒன்றைப் பழுதென்று நினைத்துக் கடைக்கு ஓடுவதும் நடக்கிறது. ஒரு டெராபைட் டிஸ்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் ஒவ்வொரு படியிலும் 1,024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காகவே அமெரிக்காவில் டிஸ்க் நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டுச் சமரசம் வரை போயிருக்கிறார்கள் என்பது வேறு கதை. கடையில் சண்டை போட இது காரணமாகாது.

வாரன்டி என்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் தயாரிப்புக் கோளாறால் பொருள் கெட்டால் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. அதன் காலம் பிராண்டுக்குப் பிராண்டு மட்டுமல்ல, ஒரே பிராண்டில் ரகத்துக்கு ரகமும் மாறும். வீட்டுக் கணினிக்கான சாதாரண டிஸ்க் பலவற்றுக்கு இரண்டு ஆண்டு, கேமரா பதிவு, சர்வர் போன்ற கனமான வேலைக்கான ரகங்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. எஸ்எஸ்டிக்கு ஐந்து ஆண்டு என்று அட்டையில் இருந்தாலும், பக்கத்திலேயே இத்தனை டெராபைட் எழுதும் வரை என்று இன்னொரு வரம்பு இருக்கும். இரண்டில் எது முன்னால் முடிகிறதோ அதோடு வாரன்டி முடிந்தது. சாதாரண டிஸ்க்கின் காலம் குறைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இல் தாய்லாந்தில் பெரு வெள்ளம் வந்து உலகின் டிஸ்க் உற்பத்தி முடங்கியது. விலை ஏறிய அதே சமயத்தில், அந்த ஆண்டு முடிவிலிருந்து, வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் தங்கள் சாதாரண ரகங்களின் வாரன்டியை வெட்டின. மூன்று ஆண்டாக இருந்தது இரண்டாகவும், சில ரகங்களில் ஒன்றாகவும் ஆனது. அட்டையில் உள்ள காலம் பொருளின் ஆயுளை மட்டும் வைத்துக் கணித்ததல்ல, வியாபாரக் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாங்கியவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்த வாக்கைக் கொடுத்தவர் யார் என்பது. பெட்டியில் தனியாக வாங்கிய டிஸ்குக்கு டிஸ்க் தயாரித்த நிறுவனம் பொறுப்பு. லேப்டாப்போடு வந்த டிஸ்குக்கு லேப்டாப் நிறுவனம்தான் பொறுப்பு. கழற்றிப் பார்த்து அதன்மேல் இருக்கும் பெயரை நம்பி அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால், ‘இதற்கு எங்கள் வாரன்டி இல்லை, கணினி வாங்கிய இடத்தை அணுகவும்’ என்ற பதில்தான் வரும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் கடைகளில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் அசெம்பிள்டு கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி நிறுவனம், தனித்தனிக் காலம். ‘மொத்தத்துக்கும் ஒரு வருஷம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது கடையின் வாக்கு, நிறுவனத்தின் வாக்கல்ல. அதை பில்லில் எழுதி வாங்காவிட்டால் நிரூபிப்பது பாடு. மூன்றாவது ஒரு வகையும் உண்டு. வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரான டிஸ்க் வழி தப்பி இங்கே வந்து, விலை குறைவாக விற்கும். அதன் சீரியல் நம்பர் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் இந்தியாவில் அதற்கு வாரன்டி கிடைக்காமல் போகலாம். வாங்கிய அன்றே சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, நாடும் முடிவுத் தேதியும் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

முடிவுத் தேதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பில் காட்டாதபோது, நிறுவனம் தயாரித்த தேதியிலிருந்தோ டீலருக்கு அனுப்பிய தேதியிலிருந்தோ காலத்தைக் கணக்கிடும். கடை அலமாரியில் எட்டு மாதம் தூங்கிய டிஸ்குக்கு அந்த எட்டு மாதமும் வாங்கியவர் கணக்கில் கழிந்துவிடும். பில் இருந்தால் அந்தத் தேதியைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். அதனால் எந்த வாரன்டிப் பேச்சும் கடைசியில் பில்லில்தான் வந்து நிற்கிறது.

பில் விஷயத்தில் சிறு ஊர்க் கடைகளின் வழக்கம் தெரிந்ததே. ‘பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், வேணாம்னா கொறச்சுக்கலாம்’ என்று கேட்பார்கள். ஹார்டு டிஸ்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாலாயிரம் ரூபாய்ப் பொருளில் எழுநூறுக்கு மேல் மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரும். கையில் கிடைப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. அந்த எழுநூறு ரூபாய் உண்மையில் இரண்டு ஆண்டு வாரன்டிக்குக் கொடுக்கும் விலை என்பது டிஸ்க் நின்ற அன்றைக்குத்தான் உறைக்கும். பில் கொடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதே பிரிவு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், எந்தக் காலமும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற நடைமுறையே. பில்லின் அடியில் சிறு எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பது, மனம் மாறித் திருப்பித் தருபவரை வேண்டுமானால் தடுக்கும்; குறையுள்ள பொருளைக் கொண்டுவருபவரைத் தடுக்காது. நல்ல பில்லில் கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், தேதி, மாடல், சீரியல் நம்பர், வாரன்டிக் காலம் எல்லாம் இருக்கும். வெப்பத்தில் அச்சாகும் தாள் ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. அந்தப் படத்தையும் அதே கணினியில் மட்டும் சேமித்து வைத்தவர்கள் உண்டு.

டிஸ்க் நின்ற பிறகு கல்வராயன் மலைக்காரருக்குத் தூரம் என்ற செலவு கூடுகிறது. வெள்ளிமலையிலிருந்து கரியாலூர், கோமுகி அணை, கச்சிராயபாளையம் என்று மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வர வேண்டும். அங்கே கடை உண்டு. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் பெரும்பாலும் சேலத்தையோ சென்னையையோ காட்டுவார்கள். மலை ஊர்களின் சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகளைப் பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அப்படிப்பட்ட பாதையில் ஒரு டிஸ்குக்காக மூன்று முறை இறங்கி ஏறுவது டிஸ்க்கின் விலையில் பாதியைத் தின்றுவிடும். ஆகவே முதலில் போன் அல்லது இணையம் வழியாக நிறுவனத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்குவதே சிக்கனம். லேப்டாப்பாக இருந்தால், வாரன்டி ‘கேரி-இன்’ வகையா ‘ஆன்-சைட்’ வகையா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் பொருளை நாம் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதில் ஆள் வீட்டுக்கு வருவார். மலைக்கு ஆள் வர மறுத்தால், விற்கும்போது அந்த விலக்கைச் சொன்னார்களா என்ற கேள்வி எழும். சொல்லாமல் விற்றிருந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் உண்டு.

சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது வாங்கும் ஜாப் ஷீட்தான் பின்னால் முதல் சாட்சி. அதில் சீரியல் நம்பர், சொன்ன குறை, வெளித் தோற்றத்தில் அடி இல்லை என்ற குறிப்பு, தேதி ஆகியவை இருக்க வேண்டும். ‘கீழே விழுந்தது, வாரன்டி செல்லாது’ என்ற பதில் வருவது பெரும்பாலும் இந்தக் குறிப்பு இல்லாத இடத்தில்தான். வாரன்டி செல்லாமல் போகும் காரணங்கள் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே: பெட்டியைத் திறந்தது, லேபிளைக் கிழித்தது, நசுங்கல், தண்ணீர், மின்னழுத்தக் கோளாறு. மழைக்காலத்தில் இடி விழுந்து ஊரே இருண்ட மறுநாள் செத்த டிஸ்குகள் இந்தக் கடைசிக் காரணத்தில்தான் தோற்கின்றன. கூரியரில் அனுப்புவதானால் நிறுவனம் சொல்லும் விதத்தில் கட்டி, பெட்டிக்குள் வைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய டிஸ்க் வழியில் அடிபட்டால் பழி அனுப்பியவர்மேல்தான் விழும்.

மாற்றிக் கிடைக்கும் டிஸ்க் புதியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பல நிறுவனங்களின் நிபந்தனைகள் ‘இணையான திறனுள்ள’ டிஸ்க் என்றே சொல்கின்றன. செப்பனிட்டுச் சோதித்த பழைய டிஸ்கும் அதில் அடங்கும். அதன் வாரன்டி பழையதில் எஞ்சிய காலத்துக்கோ 90 நாளுக்கோ, எது அதிகமோ அதற்கு. பழைய டிஸ்க் திரும்பக் கிடைக்காது. அதில் உள்ள வங்கிக் கணக்கு விவரம், ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாம் அதோடு போகின்றன. நின்றுபோன டிஸ்கை அழிக்கவும் முடியாது. அப்படிப்பட்டவற்றை முதலிலேயே கடவுச்சொல் கொண்டு பூட்டி வைத்திருந்தால் ஒழிய, வாரன்டியை விட்டுவிட்டு டிஸ்கை வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டிய நிலை சிலருக்கு வரும்.

வாரன்டி அட்டைக்கு வெளியேயும் சட்டம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விற்பவர் எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டாலும், பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருப்பதாகக் கொள்கிறது. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைச் சிவில் கோர்ட்டின் இழுபறியிலிருந்து எடுத்து எளிய மன்றங்களின் கையில் கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை ஆகியவற்றில் உள்ள குறை ‘பொருள் குறைபாடு’. செய்ய ஒப்புக்கொண்ட வேலையில் உள்ள அலட்சியமும் போதாமையும் ‘சேவைக் குறைபாடு’. டிஸ்க் ஆறு மாதத்தில் நின்றது முதல் வகை. அதை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் ‘வரும் வரும்’ என்று அலைக்கழித்தது இரண்டாவது வகை. நுகர்வோர் ஆணையங்களில் மனுதாரர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

யார் நுகர்வோர் என்பதில் சிறு தொழில் செய்பவர்களுக்கு ஐயம் வரும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. அப்படியானால் போட்டோ ஸ்டூடியோக்காரரும், இ-சேவை மையம் நடத்துபவரும், டிடிபி அடிப்பவரும் என்ன ஆவார்கள்? இதற்கான விடை தமிழ்நாட்டுத் தொடர்புள்ள ஒரு வழக்கிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடமிருந்து வாங்கிய இயந்திரம் குறைபாடுடையது என்று லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் தோற்றார், ஆனால் தீர்ப்பு ஓர் அளவுகோலை விட்டுச் சென்றது. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக, தானே இயக்கும் கருவியை வாங்கியவர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. பிறருக்குத் தட்டச்சுச் செய்து கொடுக்கத் தட்டச்சு இயந்திரம் வாங்குபவரைத் தீர்ப்பு உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் கணினியை வைத்துப் படிக்கலாம். ஆகவே கடைத்தெருவில் தனியாளாக உட்கார்ந்து ஆல்பம் வடிவமைப்பவர் நுகர்வோர். இருபது கணினி போட்டு ஆட்கள் வைத்து நடத்தும் நிறுவனம் அந்தப் பக்கம் போய்விடும்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் கேள்வி இன்னும் நுட்பமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிய கணினிகள் கொடுக்கப்பட்டன. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டில் முதல் கணினி அதுவே. மாணவர் பணம் கொடுக்கவில்லை, எனவே அவர் நுகர்வோரல்லர் என்று எதிர்த் தரப்பு சொல்லலாம். சட்டமோ, பணம் கொடுத்து வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்கிறது. அரசு விலை கொடுத்தது, மாணவர் அரசின் ஒப்புதலோடு பயன்படுத்துகிறார் என்ற வாதத்துக்கு அந்தச் சொற்களிலேயே இடம் இருக்கிறது. வழக்கு வரை போகும் முன், பள்ளித் தலைமையாசிரியர் வழியாக எல்காட்டின் சர்வீஸ் ஏற்பாட்டை அணுகுவதுதான் நடைமுறையில் விரைவு.

என்ன கேட்கலாம் என்பதில் பலருக்கு அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு இருக்கிறது. டிஸ்க் கெட்டதற்கு முழு லேப்டாப்பையும் மாற்றித் தரக் கேட்பது பெரும்பாலும் செல்லாது. மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரன்டியில் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாக்கு என்றால் முழு வாகனத்தை மாற்ற உத்தரவிட முடியாது என்றது. அதே நீதிமன்றம் 2010இல் ஃபியட் கார் வழக்கில், தனி நிபுணர் சோதித்து உற்பத்தியிலேயே குறை என்று கண்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஒரே லேப்டாப்பில் மூன்றாவது டிஸ்கும் நிற்கிறது என்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, போர்டில் இருக்கலாம்; அப்போது கோரிக்கையின் தன்மையே மாறும். குறையை நீக்குதல், மாற்றுப் பொருள், வட்டியோடு விலையைத் திருப்புதல், அலட்சியத்தால் வந்த இழப்புக்கு ஈடு, வழக்குச் செலவு ஆகியவற்றை 2019 சட்டத்தின் 39ஆவது பிரிவின் கீழ் ஆணையம் உத்தரவிடலாம்.

இனி, தொலைந்த பதிவு. கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் பதிவுகளுக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வைத்திருக்கின்றன. சட்டத்தின் புதிய அத்தியாயமான பொருள்சார் பொறுப்பும் இங்கே பெரிதாக உதவாது. அதில் ‘தீங்கு’ என்ற சொல்லின் இலக்கணம் பொருளுக்கே வந்த சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் விலக்கிவிடுகிறது. சிறு எழுத்து நிபந்தனையைக் கோர்ட் மதிக்குமா என்றால், பாரதி நிட்டிங் கம்பெனி தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு எச்சரிக்கையாக நிற்கிறது. அந்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை, நஷ்டம் லட்சங்களில். கையெழுத்திட்ட கூரியர் படிவத்தில் நூறு டாலருக்குமேல் பொறுப்பில்லை என்று இருந்ததால் உச்ச நீதிமன்றம் நூறு டாலரோடு நிறுத்தியது. ஸ்டூடியோக்காரர் தொலைந்த கல்யாணப் படங்களுக்கு லட்ச ரூபாய் கேட்டு டிஸ்க் நிறுவனத்தின்மேல் போனால் இந்தத் தீர்ப்பு எதிரே வந்து நிற்கும். அத்தகைய ஒருதலைப்பட்சமான நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று செல்லாததாக்கும் அதிகாரம் 2019 சட்டத்தில் மாநில ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதவு திறந்திருக்கிறது, ஆனால் அது சென்னையில் இருக்கிறது.

பதிவு அழிந்ததற்கு யார் காரணம் என்பதைப் பொறுத்து நிலைமை தலைகீழாகும். டிஸ்க் தானாக நின்றது ஒரு கதை. விண்டோஸ் மெதுவாக ஓடுகிறது என்று கொடுத்த நல்ல டிஸ்கை, கேட்காமல் கொள்ளாமல் ஃபார்மட் அடித்துக் கொடுத்தது வேறு கதை. இரண்டாவது, சர்வீஸ்காரரின் அலட்சியம். அங்கே வாரன்டி அட்டையின் விலக்கு அவரை எளிதில் காப்பாற்றாது. உரிமையாளர் அனுமதியின்றிக் கணினியில் உள்ள தகவலை அழிப்பதற்கு 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவும் ஈடு கேட்க வழி தருகிறது. அதனால்தான் சர்வீஸ் சென்டர்கள் ‘டேட்டா போனால் பரவாயில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்குகின்றன. அதைப் படிக்காமல் போடும் கையெழுத்துதான் பிறகு எதிராளியின் முதல் ஆவணம். ‘டேட்டா முக்கியம், அழிக்கும் முன் கேட்கவும்’ என்று ஜாப் ஷீட்டில் ஒரு வரி எழுதி வாங்குவதைக் கடைக்காரர் யாரும் மறுப்பதில்லை.

நிறுவனங்களே பதிவுக்குப் பொறுப்பேற்ற சந்தர்ப்பங்கள் அரிது. 2009இல் சீகேட்டின் ஒரு டிஸ்க் வரிசை உள்ளிருக்கும் மென்பொருள் கோளாறால் திடீர் திடீரென்று உயிர்விட்டபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகப் பதிவை மீட்டுத் தர அந்த நிறுவனம் முன்வந்தது. இன்றும் சில விலையுயர்ந்த ரகங்களோடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மீட்புச் சேவையும் சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது பெட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மற்றவர்கள் தனியார் மீட்பு நிலையங்களைத்தான் நாட வேண்டும். தூசி புகாத அறையில் டிஸ்கைத் திறந்து செய்யும் அந்த வேலைக்கு டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். நிறுவனத்தைக் கேட்காமல் அங்கே திறந்தால் வாரன்டியும் போய்விடலாம்.

இணையத்தில் வாங்கியவருக்கு 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் துணை. தளம் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ‘ஏழு நாள் மாற்று’ என்று தளத்தில் போட்டிருப்பது தளத்தின் சலுகை. எட்டாவது நாள் நிறுவன வாரன்டியும் சட்டமும் முடிந்துபோவதில்லை.

பேச்சு பலிக்காதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அது தீர்ப்பு வழங்கும் இடமல்ல, நிறுவனத்துக்குப் புகாரைத் தள்ளி நெருக்கும் இடம். டிஸ்க் போன்ற சிறு தொகைப் புகார்களில் அந்த நெருக்குதலே பல நேரம் போதுமானதாகிவிடுகிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை உள்ள புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வீட்டுக்கு எந்த டிஸ்க் வாங்கினாலும் கட்டணம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. புதிய சட்டத்தின் 34ஆவது பிரிவு அதை மாற்றி, மனுதாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே போடலாம் என்றது. டிஸ்கை பெங்களூர் விற்பனையாளர் அனுப்பியிருந்தாலும், ‘பெங்களூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், வெள்ளிமலைக்காரர் பெங்களூர் போக வேண்டியதில்லை. மலைக்கு இந்தச் சட்டம் கொடுத்த பெரிய வரவு இதுவே.

மனுவை இணையம் வழியாகவும் போடலாம். 2020இல் தொடங்கிய இ-தாக்கில் தளத்தின் பணியை 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளம் மேற்கொள்கிறது. காணொலியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து உட்கார வேண்டும், அதுதான் பாக்கி. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டும் என்றால் மலைவாழ் மக்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பழங்குடியினரும் பெண்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். சாதிச் சான்றிதழோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

கடைக்காரர் ‘நான் விற்றவன்தான், கம்பெனியைக் கேளுங்கள்’ என்பார், நிறுவனம் ‘டீலரைக் கேளுங்கள்’ என்னும். மனுவில் இருவரையும், தேவையானால் இறக்குமதியாளரையும் சர்வீஸ் சென்டரையும் எதிர்த் தரப்பாகச் சேர்த்துவிடுவதே இந்த விளையாட்டுக்கு முடிவு. எதிர்த் தரப்பு பதில் போட 30 நாள், மேற்கொண்டு 15 நாள். 45 நாளைத் தாண்டினால் ஏற்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்காகவேனும் நின்றுபோன டிஸ்கை அப்படியே வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் திறந்து பார்க்கக் கொடுத்தால் சாட்சி கெட்டது. சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். வாய்தாக்கள் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. முதல் விசாரணையிலேயே இரு தரப்பும் ஒப்பினால் சமரசத்துக்கு அனுப்பவும் இடமுண்டு. ஒரு டிஸ்குக்கு அது பொருத்தமான வழி.

புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். கடைக்காரர் ‘அடுத்த வாரம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் காலமும் பொதுவாக அந்த இரண்டு ஆண்டில்தான் ஓடுகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் விடலாம். உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். பணம் கொடுக்கச் சொல்லப்பட்டவர் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க 72ஆவது பிரிவு இடம் தருகிறது.